வானொலி ஸ்டுடியோவுக்குள் அப்ரண்டிஸாக நுழைய நினைப்பவர்களுக்கு

"எனக்கு நல்ல குரல் வளம் என்று எல்லோரும் சொல்வார்கள்." பயிற்சிக்கு ஆள் எடுக்கும்போது என் மேசைக்கு வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்கும். அந்த வரியைப் பார்த்ததும் மூடிவைத்துவிட்டு அடுத்ததை எடுப்பேன். குரல் மேல் எனக்கு ஒன்றும் கோபமில்லை. நான் ஆள் தேடுவது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார. அந்தப் பக்கம் மைக் முன்னால் ஒருவர் பேசுவார். இந்தப் பக்கம் நிகழ்ச்சியை யோசித்து, விருந்தினரைத் தேடிப் பிடித்து, நொடிக்கணக்கு பார்க்கும் தயாரிப்பாளர் இருப்பார். கன்சோலில், அதாவது ஒலிகளை ஏற்றி இறக்கிக் கலக்கும் பலகையில், கை வைத்தபடி ஒலிப்பொறியாளர் இருப்பார். பதிவானதை வெட்டி ஒட்டிச் சீராக்க எடிட்டர் இருப்பார். சின்ன நிலையம் என்றால் மூன்று பேரும் ஒரே ஆள், சம்பளமும் ஒன்று.

இந்தப் பக்கத்து வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்க முடியும். காது பழக வேண்டும், காது பழகியபின் கை வரும். நான் டேப் காலத்தின் கடைசியில் சேர்ந்தவள். பிளேடால் டேப்பைச் சாய்வாக அறுத்து ஒட்டியிருக்கிறேன். நேராக அறுத்தால் ஒட்டிய இடத்தில் 'டக்' என்று கேட்கும், 45 டிகிரி சாய்த்தால் ஒரு ஒலி அடுத்ததற்குள் மெல்ல நழுவும். இன்று திரையில் எடிட் செய்யும்போது இரண்டு துண்டுக்கும் நடுவே போடும் குட்டி கிராஸ்ஃபேட் (ஒன்று இறங்க இறங்க அடுத்தது ஏறுவது) செய்வதும் அதே வேலைதான். ஏன் சாய்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. சீனியர் இரண்டு விதமாகவும் ஒட்டி, போட்டுக் காட்டினார். அவ்வளவுதான்.

பெரிய பெயர்கள் பலரும் இந்த வழியில் வந்தவர்களே. டெலியா டெர்பிஷைர் 1960-ல் பிபிசியில் பயிற்சி உதவி ஸ்டுடியோ மேலாளராகச் சேர்ந்தார். கணினி இல்லாத காலத்தில் டேப் துண்டுகளை வைத்தே மின்னணு இசையில் அவர் செய்ததை இன்றும் பாடமாக வைக்கிறார்கள். ஜெஃப் எமெரிக் 1962-ல் லண்டன் இஎம்ஐ ஸ்டுடியோவில் உதவியாளர். 1966-ல், 20 வயதில், பீட்டில்ஸ் குழுவின் ஒலிப்பதிவுப் பொறியாளர். உதவியாளராக அவர் வேலை டேப் ஓட்டுவது, நிறுத்துவது, எந்த டேக் (ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பதிவதில் ஒவ்வொரு தடவையும் ஒரு டேக்) எங்கே இருக்கிறது என்று எழுதிவைப்பது. எழுதிவைப்பது என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

எந்த இடத்தில் சேர்வது

அப்ரண்டிஸ்ஷிப் என்ற பெயரில் இலவச வேலையாட்களைத் தேடும் இடங்கள் எல்லா ஊரிலும் உண்டு. பிரித்தறிவது கஷ்டமில்லை. சேரும் முன் கேளுங்கள்: எழுத்தில் ஒப்பந்தம் உண்டா? எத்தனை மாதம்? உதவித்தொகை எவ்வளவு, எந்தத் தேதியில்? எனக்குக் கற்றுத்தரப்போகிறவர் யார், பெயர் சொல்லுங்கள். வேலையைத் தவிர படிப்பதற்கென்று வாரத்தில் நேரம் ஒதுக்குவீர்களா? முடிவில் சான்றிதழ் தருவது யார்? இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் வந்தால் நல்ல இடம். "முதலில் வாங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால் போகாதீர்கள். அந்த 'அப்புறம்' வராது.

இவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது நாலாவது கேள்வி. நிலையத்தின் பெயரைப் பார்த்துச் சேராதீர்கள், யார் பக்கத்தில் உட்காரப் போகிறீர்கள் என்று பார்த்துச் சேருங்கள். பெரிய நிலையத்தில் வேலைகள் துண்டு துண்டாகப் பிரிந்திருக்கும். ஒரு வருடம் முழுக்க ஃபைல்களுக்குப் பெயர் மாற்றிக்கொண்டே இருந்துவிட்டு வெளியே வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். சமுதாய வானொலியில் கருவி பழசாக இருக்கலாம், ஆனால் இரண்டாவது மாதமே கன்சோல் உங்கள் கைக்கு வரும். விளம்பர ஸ்பாட் செய்யும் ஸ்டுடியோவில் 30 நொடிக்குள் ஒரு கதையை அடக்கப் பழகுவீர்கள். ஒலிப்புத்தகம் பதிவு செய்யும் இடத்தில் பொறுமை வரும். மணிக்கணக்காக ஒரே குரலைக் கேட்டு, நேற்றைய பதிவின் தொனிக்கும் இன்றையதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டும். பாட்காஸ்ட் நிறுவனத்தில் கதை கட்டுவது நன்றாக வரும், நேரலையின் படபடப்பு மட்டும் தெரியாமலே போகும். என்னைக் கேட்டால், நேரலை இருக்கும் இடத்தில் தொடங்குங்கள். நேரலை பழகியவர் பதிவு வேலைக்குச் சுலபமாக மாறிவிடுவார். பதிவிலிருந்து நேரலைக்கு வருகிறவர்களுக்குக் கொஞ்ச நாள் கை நடுங்கும்.

அனுப்ப வேண்டியது மூன்று நிமிடம்

விண்ணப்பத்தோடு ஒரு மாதிரி கேட்பார்கள். கேட்காவிட்டாலும் அனுப்புங்கள். பத்துப் பாட்டின் மேல் "ஹலோ நேயர்களே" என்று பேசியது வேண்டாம். ஒரு மனிதர், அவர் வேலை செய்யும் இடம், அந்த இடத்தின் ஓசைகள், மூன்று நிமிடம். தையல்காரராக இருக்கலாம், சைக்கிள் பழுதுபார்ப்பவராக இருக்கலாம். கை ஓசை எழுப்பும் தொழில் எதுவானாலும் நல்லது.

போனில் பதிவு செய்தாலே போதும். பேசுபவர் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் பிடியுங்கள். நேர் எதிரே வைத்தால் 'ப' வரும்போதெல்லாம் மூச்சுக்காற்று மைக்கில் மோதி 'புப்' என்று அடிக்கும். மின்விசிறி, குளிர்பெட்டி இரண்டையும் கேட்டு அணைத்துவிடுங்கள். வெறும் சுவரும் கண்ணாடியும் உள்ள அறையில் எதிரொலி வரும், துணியும் மெத்தையும் உள்ள அறையைத் தேடுங்கள். பதிவாகும்போதே ஹெட்ஃபோனில் கேளுங்கள். பேட்டி முடிந்ததும் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லி, அந்த அறையின் வெறும் ஓசையை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். இதற்கு ரூம் டோன் என்று பெயர். ஓர் இடத்தை வெட்டி எடுத்தால் அங்கே ஒரு பள்ளம் கேட்கும். அந்தப் பள்ளத்தில் நிரப்புவது இதைத்தான். சுத்த நிசப்தத்தை வைத்தால், ரேடியோ நின்றுபோனது மாதிரி நேயருக்குத் தோன்றும்.

கேள்வி கேட்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. "எத்தனை வருஷமா பண்றீங்க?" என்றால் "இருபது" என்று ஒரு சொல் வரும். எடிட்டில் உங்கள் கேள்வியை எடுத்துவிட்டால் அந்த 'இருபது' அநாதை. "இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தீங்கன்னு சொல்லுங்க" என்று கேட்டால் தானாக நிற்கும் பதில் கிடைக்கும்.

தமிழில் பேட்டி எடிட் செய்பவர்களுக்கு இன்னொரு தலைவலி. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வரும். ஒருவர் நீளமாகப் பேசிக்கொண்டே போய், "...அப்படின்னு அன்னைக்கு நான் முடிவு பண்ணிட்டேன்" என்று முடிக்கும்வரை அவர் ஒப்புக்கொண்டாரா மறுத்தாரா என்பதே தெரியாது. நடுவில் வெட்ட முடியாது. போதாக்குறைக்கு, கடைசிச் சொல்லில்தான் பலருக்குக் குரல் இறங்கி, பாதி எழுத்து தொண்டைக்குள்ளேயே போய்விடும். அதனால் பதிவின்போதே வாக்கியத்தின் வாலைக் கவனியுங்கள். வால் கேட்கவில்லையென்றால் "கடைசியா சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்களேன்" என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்து லெவலை ஏற்றிப் பார்த்தால் சொல்லோடு சேர்ந்து இரைச்சலும் ஏறும்.

ஆனால் வெட்டுவதற்கு வசதியான இடத்தையும் தமிழே வைத்திருக்கிறது. 'அக்கா', 'பத்து', 'அப்பா', 'காற்று' என்று சொல்லிப் பாருங்கள். இரட்டித்த வல்லினத்தில் வாய்க்குள் காற்றின் வழி முழுதாக மூடி, ஒரு கணம் ஒலியே இல்லாமல் போகிறது. திரையில் அலைவடிவம் அந்த இடத்தில் தட்டையாகப் படுத்திருக்கும். அங்கே வெட்டினால் யார் காதுக்கும் தெரியாது. 'அகம்' என்ற சொல்லில் அந்த இடைவெளி கிடையாது, வெட்டினால் அசிங்கமாக இருக்கும். இதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் விளையாடுங்கள், எடிட்டிங் பாதி வந்துவிடும்.

மூச்சு வாங்கும் ஓசைகளை எல்லாம் துடைத்து எறியாதீர்கள். மூச்சே இல்லாத பேச்சைக் கேட்டால் கேட்பவருக்கு மூச்சு முட்டும். இரண்டு மூச்சு அடுத்தடுத்து வந்தால் மட்டும் ஒன்றை எடுங்கள். இரைச்சல் நீக்கும் செயலிகள் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன. அளவாகத் தொட்டால் நல்லது, அதிகம் போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிடும். அதைவிடக் கொஞ்சம் இரைச்சல் இருக்கட்டும்.

மென்பொருளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். 2000-ல் வெளிவந்த ஆடாசிட்டி இன்றும் இலவசம், பேட்டி எடிட்டுக்குத் தாராளமாகப் போதும். பல தடங்களை அடுக்க வேண்டுமென்றால் ரீப்பரை 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். சேரும் நிலையத்தில் வேறு எதையாவது வைத்திருப்பார்கள், பொத்தான்கள்தான் மாறும்.

இதோடு ஒன்று கூடச் செய்யுங்கள், கிட்டத்தட்ட யாருமே செய்வதில்லை. முடித்த மூன்று நிமிடத்தோடு, அதில் வரும் ஒரு பகுதியின் தொடாத மூலப்பதிவையும் 30 நொடி அனுப்புங்கள். எதை வைத்தீர்கள், எதை விட்டீர்கள் என்று நாங்கள் கேட்க வேண்டும். நீங்கள் விட்டதில்தான் உங்கள் காது தெரியும். பேட்டி தந்தவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். ஃபைலின் பெயரில் உங்கள் பெயரும் தேதியும் இருக்கட்டும். 'பைனல்', 'பைனல் 2', 'புது பைனல்' என்று வருகிறவற்றை நான் சிரித்துக்கொண்டே ஒதுக்கிவைக்கிறேன்.

தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய எண்கள்

அதிகமில்லை. பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் ஃபைல். ஒரு தடத்துக்கு நிமிடத்துக்கு 9 மெகாபைட்டுக்குக் கொஞ்சம் குறைவாக வரும், ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 520. எம்பி3 என்பது கடைசியில் அனுப்புவதற்கு மட்டும். மீட்டரில் பூஜ்யம்தான் உச்சி, அதைத் தாண்டினால் ஒலி நசுங்கும், பிறகு எந்த மருந்தும் கிடையாது. பேச்சின் உச்சங்கள் மைனஸ் 12 டெசிபெல்லுக்கும் மைனஸ் 6-க்கும் நடுவே ஆடினால் நிம்மதி. சிரிப்பு வரப்போகும் ஆளா என்று பார்த்து, இன்னும் கொஞ்சம் இறக்கிவையுங்கள்.

மைக்குகளில் கண்டென்ஸர் வகைக்குப் பொதுவாக 48 வோல்ட் பேண்டம் பவர், அதாவது மைக் கேபிள் வழியாகவே போகும் மின்சாரம், வேண்டும்; டைனமிக் வகைக்கு வேண்டாம். பல ஸ்டுடியோக்களில் பார்க்கும் ஷூர் எஸ்எம்7பி டைனமிக் வகை. அதற்கு 60 டெசிபெல் அளவுக்கு கெயின் (ஒலியைப் பெருக்குவது) தேவைப்படும். அதனால்தான் மலிவான மிக்சரில் சொருகினால் குரலோடு இரைச்சலும் பொங்குகிறது. மைக்குக்கு மிக அருகில் போனால் குரலில் அடித்தொனி கூடும். அறிவிப்பாளர்களுக்கு அது பிடிக்கும், நேயருக்குச் சொல் புரியாது. 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் 'ம்ம்ம்' என்று கேட்டால் மின்சாரம் எங்கோ கலக்கிறது, முதலில் கேபிளைப் பாருங்கள்.

நிகழ்ச்சி மொத்தமாகக் காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதற்கு இப்போது எல்யூஎஃப்எஸ் என்ற கணக்கு உண்டு. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-ல் கொண்டுவந்த ஆர்128 விதிப்படி மைனஸ் 23. பாட்காஸ்டுக்குப் பொதுவாக மைனஸ் 16. உங்கள் நிலையம் எதைக் கேட்கிறது என்று முதல் வாரமே விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள்.

உள்ளே போனபின்

முதல் நாட்களில் உங்களுக்குக் கேபிள் சுருட்டும் வேலைதான் கிடைக்கும். முகம் வாடாதீர்கள். கேபிளை முழங்கையில் சுற்றுபவரை எந்த ஸ்டுடியோவிலும் உடனே அடையாளம் கண்டுவிடுவோம். அப்படிச் சுற்றினால் உள்கம்பி முறுக்கிக்கொள்ளும். ஒரு வளையம் மேலாக, அடுத்தது கீழாக என்று மாற்றி மாற்றிச் சுருட்டினால் வீசினதும் நேராக விழும். யாரிடமாவது செய்துகாட்டச் சொல்லி வீட்டில் பழகிக்கொள்ளுங்கள்.

அடுத்தது கடிகாரம். ரேடியோவில் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். 9 மணிச் செய்தி 9:00:00-க்குத் தொடங்க வேண்டும். அதற்கு முன் 3 நிமிடம் 40 நொடி பாட்டு, 30 நொடி ப்ரோமோ (வேறு நிகழ்ச்சிக்கான விளம்பரம்), அதற்கும் முன் அறிவிப்பாளர் 25 நொடி பேசுகிறார். மொத்தம் 4:35. அப்படியென்றால் அவர் வாயைத் திறக்க வேண்டியது 8:55:25-க்கு. இந்தக் கணக்கு விரல் மடக்காமல் வர வேண்டும். வந்துவிட்டால், அறிவிப்பாளர் ஆர்வத்தில் 40 நொடி பேசிவிடும்போது ப்ரோமோவை எடுப்பதா, பாட்டை முன்னதாக ஃபேட் செய்வதா (மெல்ல இறக்கி முடிப்பதா) என்று அந்தக் கணத்தில் சொல்ல முடியும். தயாரிப்பாளர் திரும்பிப் பார்க்கும்போது பதில் தயாராக வைத்திருக்கும் அப்ரண்டிஸை யாரும் வெளியே அனுப்ப மாட்டார்கள்.

தொலைபேசியில் நேயரை எடுக்கும்போது, அவருக்கு அனுப்பும் ஒலியில் அவர் குரலைத் தவிர மற்றதெல்லாம் இருக்க வேண்டும். மிக்ஸ்-மைனஸ் என்பார்கள். அவருடைய குரலே தாமதமாக அவர் காதுக்குத் திரும்பினால் மனிதர் திக்கித் திணறிப்போவார். அவர் வீட்டு ரேடியோவை அணைக்கச் சொல்வதும் அதே காரணத்துக்காகத்தான். நேரலைக்குப் போகுமுன் நேயரிடம் பேசிப் பெயரைச் சரியாகக் கேட்டுக்கொள்வது பெரும்பாலும் அப்ரண்டிஸ் வேலை. பெயரை எப்படி உச்சரிப்பது என்று அவரையே சொல்லச் சொல்லி, காதில் விழுந்தபடி எழுதி அறிவிப்பாளர் முன் வையுங்கள். ரமணனை ராமன் என்று அழைத்து ஆரம்பிக்கும் உரையாடல் உருப்பட்டதில்லை.

டெட் ஏர் என்றால் ஒலிபரப்பில் விழும் நிசப்தம். ஐந்து நொடி அது நீடித்தால் எங்களுக்கு ஒரு மணி நேரம் மாதிரி இருக்கும். பல நிலையங்களில் நிசப்தத்தைக் கண்டுபிடித்து மாற்று ஒலியைத் தானாக ஓட்டும் கருவி உண்டு. ஆனாலும் கருவியை நம்பாமல், ஃபைல் திறக்காவிட்டால் எதைப் போடுவது என்று எப்போதும் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் டாஃப்னி ஓரம் என்ற பெண் பிபிசியில் இளநிலைப் பொறியாளராகச் சேர்ந்தார். இசைக் கச்சேரி நேரலையாகப் போய்க்கொண்டிருக்கும்போது, அதே இசையின் பதிவை அதற்கு இணையாக ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் அவர் வேலைகளில் ஒன்று. குண்டு விழுந்து நேரலை அறுந்தால் அந்த இடத்திலிருந்தே பதிவு தொடர வேண்டும், நேயர் அறியக் கூடாது. அப்படி உட்கார எவ்வளவு கூர்ந்து கேட்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அவர்தான் 1958-ல் நிகழ்ச்சிகளுக்கு மின்னணு ஒலிகளை உருவாக்கிய பிபிசியின் ரேடியோஃபோனிக் ஒர்க்ஷாப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். சும்மா உட்காரவைத்திருக்கிறார்கள் என்று புலம்பும் அப்ரண்டிஸ்களுக்கு நான் இந்தக் கதையைச் சொல்வேன். அவர்கள் "சரிக்கா" என்று சொல்லிவிட்டுப் போனைத்தான் பார்ப்பார்கள். அது வேறு விஷயம்.

எழுதிவைப்பதைப் பற்றிச் சொல்லியிருந்தேன். எல்லோர் கையிலும் ஒரு நோட்டு இருக்கட்டும். எந்த டேக் நன்றாக வந்தது, எந்த நொடியில் இருமல், எந்தக் கேபிள் கரகரத்தது, எந்த மைக் எந்தச் சேனலில். ஒரு மணி நேரப் பதிவை எடிட்டர் முழுக்கக் கேட்காமல் நேராக நல்ல இடத்துக்குப் போக முடிவது உங்கள் நோட்டால்தான். எடிட்டர் உங்களைத் தேடி வர ஆரம்பிப்பார். அப்போது கேளுங்கள், "இந்தப் பகுதியை நான் முதலில் வெட்டிப் பார்க்கட்டுமா, பிறகு நீங்கள் திருத்துங்கள்" என்று. பொதுவாக "ஏதாவது வேலை கொடுங்க" என்பவருக்குக் காபி வாங்கும் வேலைதான் வரும்.

திருத்தியதும் இரண்டையும் அடுத்தடுத்து கேட்டுப் பாருங்கள். அவர் எங்கே அரை நொடி கூட விட்டார், எங்கே இசையை ஒரு மூச்சு தாமதமாக நுழைத்தார் என்று. ஸ்பீக்கரில் ஒரு தடவை, ஹெட்ஃபோனில் ஒரு தடவை, முடிந்தால் ஒலிபரப்பில் போகும்போது சாதாரண ரேடியோவில் ஒரு தடவை. டிரான்ஸ்மிட்டருக்கு முன்னால் ஒலியை அழுத்திச் சீராக்கும் கருவி இருக்கும், ஸ்டுடியோவில் கேட்டது அப்படியே வெளியே கேட்காது. பின்னணி இசை ஸ்டுடியோவில் மெலிதாக இருந்து, வெளியே பேச்சை மூழ்கடிப்பது இதனால்தான்.

ஹெட்ஃபோன் சத்தத்தைக் குறைத்தே வையுங்கள். 85 டெசிபெல்லில் நாளுக்கு 8 மணி நேரம் என்பதே தொழிலிடங்களில் பரவலாகச் சொல்லப்படும் எல்லை. ஷிஃப்ட் முடிந்தபின் காதில் 'ஙொய்' என்று கேட்டால் மறுநாள் லெவலை இறக்குங்கள்.

ஃபைல்களுக்கு மூன்று பிரதி, இரண்டு வெவ்வேறு சாதனத்தில், ஒன்று வேறு கட்டடத்தில். பிரதி எடுத்ததைத் திறந்து, ஓடுகிறதா என்று கேட்டபின்தான் பதிவுக் கருவியின் மெமரி கார்டை அழிக்க வேண்டும். கார்டை அழிக்கும் வேலையை யாராவது அவசரமாக உங்களிடம் தள்ளினால், திறந்து பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். மரியாதைக் குறைவாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பயிற்சி முடியும்போது கையில் இருக்க வேண்டியவை: நீங்கள் வேலை செய்த நிகழ்ச்சிகளின் பட்டியல், ஒவ்வொன்றிலும் உங்கள் பங்கு என்ன என்பது, அவற்றிலிருந்து மூன்று நான்கு துண்டுகளை மாதிரியாகப் பயன்படுத்த நிலையத்தின் எழுத்து அனுமதி. பதிவுகளின் உரிமை பொதுவாக நிலையத்துடையது, பென்டிரைவில் சத்தமில்லாமல் எடுத்துப்போவது பிறகு வம்பில் முடியும். கற்றுத்தந்தவரிடமிருந்து ஒரு பரிந்துரைக் கடிதமும் வாங்குங்கள். இவற்றையெல்லாம் ஒரு மாதம் முன்பே கேளுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால், அவர் எப்போதும்போல ஏதாவது ஒரு நேரலையின் நடுவில் இருப்பார்.